காந்தியடிகள் கொலை வழக்குத் தீர்ப்பும் மைந்தர்தம் கருணை விண்ணப்பமும்

முன்னுரை

கொலை வழக்கொன்றில் தண்டனை அறிவிக்கப்படும்போது மூன்று குரல்கள் எழுகின்றன. முதலாவது சட்டத்தின் குரல். அது தீர்ப்பாக அமைகிறது. இரண்டாவது மக்களின் குரல். அது சினமாகவோ இரக்கமாகவோ வெளிப்படுகிறது. மூன்றாவது உயிரிழந்தவரின் குடும்பத்தாரது குரல். பாண்டியன் அவையில் கண்ணகி எழுப்பிய வழக்குரை இம்மூன்றாம் குரலின் வலிமையைத் தமிழுலகுக்குக் காட்டிய முதற்பெருஞ் சான்று. அங்கே அரசனே குற்றவாளியாக நின்றமையால் அக்குரலே தீர்ப்பாகவும் ஆயிற்று. ஆனால் இக்காலச் சட்ட முறைமையில் கொலை என்பது அரசுக்கு எதிரான குற்றமாகக் கொள்ளப்படுகிறது. வழக்கை நடத்துவது அரசு. தண்டனையைக் கோருவதும் அரசு. குடும்பத்தார் பெரும்பாலும் சாட்சிகளாகவே மன்றம் புகுகின்றனர்.

இம்மூன்று குரல்களும் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்ற நிகழ்வுகளுள் முதன்மையானது காந்தியடிகள் கொலை வழக்கு. கொலையாளியைத் தூக்கிலிட வேண்டா என்று கொலையுண்டவரின் மைந்தர் இருவர் வேண்டினர். அரசு அதனை ஏற்கவில்லை. இவ்விண்ணப்பம் எத்தகையது, அது ஏன் ஏற்கப்படவில்லை, அதனை வரலாறு எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்கும் தீர்ப்பும்

1948 சனவரி 30ஆம் நாள் மாலை, தில்லி பிர்லா மாளிகையில் வழிபாட்டுக் கூட்டத்திற்குச் சென்றுகொண்டிருந்த காந்தியடிகளை நாதுராம் விநாயக் கோட்சே துப்பாக்கியால் மூன்று முறை சுட்டுக் கொன்றார். அதற்குப் பத்து நாள் முன்னர், சனவரி 20ஆம் நாள், அதே இடத்தில் மதன்லால் பாவா குண்டு வெடிக்கச் செய்து பிடிபட்டிருந்தார்.

வழக்கு தில்லிச் செங்கோட்டையில் அமைக்கப்பட்ட தனி நீதிமன்றத்தில் நீதிபதி ஆத்மசரண் முன்னிலையில் நடைபெற்றது. எண்மர் குற்றஞ்சாட்டப்பட்டனர். திகம்பர் பாட்கே என்பவர் அப்ரூவராக மாறி அரசுத் தரப்பில் சாட்சியம் அளித்தார். அரசுத் தரப்பில் 149 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1948 நவம்பர் 8ஆம் நாள் கோட்சே தம் நீண்ட வாக்குமூலத்தை மன்றத்தில் படித்தார். அவ்வாக்குமூலம் வெளியிடப்படாதவாறு அரசு தடை விதித்தது.

1949 பிப்ரவரி 10ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டது. நாதுராம் கோட்சே, நாராயண் ஆப்தே ஆகிய இருவருக்கும் மரண தண்டனையும், ஐவருக்கு வாழ்நாள் தண்டனையும் விதிக்கப்பட்டன. வி. தா. சாவர்க்கர் விடுதலை செய்யப்பட்டார். மேல்முறையீடு சிம்லாவில் கிழக்குப் பஞ்சாப் உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் பண்டாரி, அச்ருராம், கோசலா ஆகிய மூவர் முன் வந்தது. கோட்சே தமக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை எதிர்த்து முறையிடவில்லை. சதித்திட்டம் இருந்தது என்னும் முடிவை மட்டுமே மறுத்தார். 1949 சூன் 21ஆம் நாள் அந்நீதிமன்றம் மரண தண்டனை இரண்டையும் உறுதி செய்து, வாழ்நாள் தண்டனை பெற்ற ஐவருள் இருவரை விடுதலை செய்தது. நவம்பர் 15ஆம் நாள் அம்பாலாச் சிறையில் கோட்சேயும் ஆப்தேயும் தூக்கிலிடப்பட்டனர்.

அன்றைய சட்டநிலை ஒன்றும் இங்குக் கருதத்தக்கது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, மரண தண்டனைக்குரிய குற்றத்திற்கு வேறு தண்டனை விதிக்க முற்படும் நீதிபதியே அதற்குக் காரணம் எழுதக் கடமைப்பட்டிருந்தார். அதாவது கொலைக்கு மரணமே இயல்பான தண்டனை. உயிரை விட்டுவைத்தலே விலக்கு. இவ்விதி 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. ஆகவே 1949இல் மைந்தர் வேண்டியது சட்டத்தின் இயல்பான போக்கிற்கு மாறானதொரு விலக்கையே ஆகும்.

மக்களின் குரல்: சினமும் கண்ணீரும்

கொலைச் செய்தி பரவியதும் எழுந்த முதற்குரல் துயரம். அடுத்த குரல் சினம். கொலையாளி மராட்டியச் சித்பவனப் பிராமணர் என்பது தெரிந்தவுடன் பம்பாய், புனே, சாத்தாரா, கோல்காப்பூர் முதலிய பகுதிகளில் அவ்வகுப்பினர் தாக்கப்பட்டனர். வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. குற்றத்தோடு தொடர்பே இல்லாதோர் பிறப்பின் பொருட்டுத் தண்டிக்கப்பட்டனர். அகிம்சையைப் போதித்தவரின் பெயரால் இவ்வன்முறை நிகழ்ந்தது என்பது நோக்கத்தக்கது.

இதற்கு நேர்மாறானதொரு காட்சி ஓராண்டிற்குப் பின்னர்ச் சிம்லா நீதிமன்றத்தில் தோன்றியது. கோட்சே வழக்கறிஞரின்றித் தாமே வாதிட்டார். அவர் பேசி முடித்தபோது மன்றத்தில் கூடியிருந்தோர் நெகிழ்ந்ததையும் பெண்டிர் பலர் கண்ணீர் விட்டதையும் நீதிபதி கோசலா பின்னாளில் தம் நூலில் பதிவு செய்துள்ளார். அன்று அவையிலிருந்தோரை நடுவர் குழுவாக அமைத்துத் தீர்ப்புக் கூறச் சொல்லியிருந்தால், மிகப் பெரும்பான்மையினர் கோட்சே குற்றவாளி அல்லர் என்றே கூறியிருப்பர் என்பது அவர்தம் கருத்து.

இவ்விரு காட்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். ஒன்றில் மக்கள் குற்றமற்றோரைத் தண்டித்தனர். மற்றொன்றில் குற்றவாளியை விடுவிக்க விழைந்தனர். இரண்டிலும் கொலையுண்டவர் மறக்கப்பட்டார். முதற்கூட்டம் அவருடைய கொள்கையை மறந்தது. இரண்டாம் கூட்டம் அவருடைய இறப்பையே மறந்தது. மக்களின் உணர்ச்சி தண்டனைக்கு அளவுகோலாக இயலாது என்பதற்கு இவ்வழக்கினும் தெளிவான சான்று அரிது.

மைந்தரின் குரல்

காந்தியடிகளின் மைந்தர் நால்வருள் மூத்தவரான அரிலால், தந்தை மறைந்த சில மாதங்களில், 1948 சூனில் காலமானார். எஞ்சிய மூவருள் மணிலாலும் இராமதாசும் கோட்சேக்கும் ஆப்தேக்கும் விதிக்கப்பட்ட மரண தண்டனையைக் குறைக்குமாறு வேண்டினர். மணிலால் தென்னாப்பிரிக்காவில் பீனிக்சு குடியிருப்பில் வாழ்ந்து, தந்தையார் வளர்த்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழை நடத்தி வந்தவர். இராமதாசு, 1948 சனவரி 31ஆம் நாள் யமுனைக் கரையில் தந்தையின் சிதைக்குத் தீ மூட்டியவர். கொள்ளி வைத்த கையே கொலையாளிக்காக விண்ணப்பமும் எழுதியது.

இராமதாசு அவ்விண்ணப்பத்தோடு அமையவில்லை. 1949ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் சிறையிலிருந்த கோட்சேக்கு அவர் கடிதம் எழுதினார். கோட்சேயும் மறுமொழி விடுத்தார். தாம் செய்தது தவறென்று கோட்சேயை உணரச் செய்தலே இராமதாசின் நோக்கமாக இருந்தது. கோட்சே குடும்பத்தார்க்கு நேர்ந்த துன்பத்திற்காக வருந்தினாரேயன்றித் தம் செயலுக்காக வருந்தினாரல்லர்.

இக்கடிதப் போக்குவரத்து ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. மைந்தர் கேட்டது குற்றத்திற்கு மன்னிப்பு அன்று, உயிருக்கு விலக்கு. கொலை தவறு என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. தவறு செய்தவன் அதனை உணர்வதற்குக் காலம் வேண்டும், அக்காலத்தைத் தூக்குமரம் பறித்துவிடும் என்பதே அவர்தம் நிலைப்பாட்டின் உட்பொருள் எனலாம். சிம்லா மன்றத்தில் கண்ணீர் விட்டோரும் கோட்சே சாகக்கூடாது என்றே விரும்பியிருக்கக்கூடும். ஆயின் அவர்தம் இரக்கம் கொலையாளியின் சொல்வன்மையில் பிறந்தது. மைந்தரின் வேண்டுகோள் கொலையுண்டவரின் கொள்கையில் பிறந்தது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பெரும்பிழையாகும்.

விண்ணப்பத்தின் வேர்கள்

மைந்தரின் வேண்டுகோள் தந்தையாரின் வாழ்விலிருந்தே பெறப்பட்டது என்பதற்கு மூன்று நிகழ்வுகள் சான்று பகர்கின்றன.

முதலாவது தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. 1908 பிப்ரவரி 10ஆம் நாள், சோகன்னசுபர்க்கில் பதிவு அலுவலகத்திற்குச் சென்றுகொண்டிருந்த காந்தியடிகளை மீர் ஆலம் என்னும் பட்டாணியரும் அவர்தம் தோழரும் தாக்கினர். உடன் சென்ற தம்பி நாயுடுவும் அடிகளைத் தாங்கி நின்று காயமுற்றார். இவர் அந்நகரத் தமிழர் இயக்கத்தின் முன்னோடி. நினைவு திரும்பியதும் காந்தியடிகள், தம்மைத் தாக்கியோர் மீது வழக்குத் தொடர வேண்டா என்று அரசுத் தலைமை வழக்கறிஞருக்குத் தந்தி கொடுத்தார். அவர்கள் விடுவிக்கவும்பட்டனர். ஆயின் அந்நகர ஐரோப்பியர் அதனை ஏற்கவில்லை. தாக்குதல் பொதுத் தெருவில் நிகழ்ந்தது. ஆதலின் அது காந்தி ஒருவரின் சொந்தச் செய்தி அன்று, பொதுமக்களுக்கு எதிரான குற்றம் என்று அவர்கள் முறையிட்டனர். மீர் ஆலமும் தோழர் ஒருவரும் மீண்டும் பிடிக்கப்பட்டு மூன்று மாதக் கடுங்காவல் பெற்றனர். செங்கோட்டைத் தீர்ப்பு நாளும் பிப்ரவரி 10 என்பது தற்செயல் ஒற்றுமையே. எனினும் 1908இல் ஐரோப்பியர் முன்வைத்த வாதமே 1949இல் இந்திய அரசின் நிலைப்பாடாகவும் அமைந்தது என்பது தற்செயல் அன்று. பாதிக்கப்பட்டவர் மன்னித்தாலும் பொதுநீதி மன்னிக்கக் கடமைப்படவில்லை என்பதே அவ்வாதம்.

இரண்டாவது, 1926 திசம்பர் 23ஆம் நாள் தில்லியில் சுவாமி சிரத்தானந்தர் அப்துல் இரசீதால் கொல்லப்பட்ட நிகழ்வு. அதனையடுத்துக் குவகாத்தியில் கூடிய காங்கிரசு மாநாட்டில் காந்தியடிகள் கொலையாளியைத் தம் உடன்பிறப்பு என்று குறிப்பிட்டார். வெறுப்பை வளர்த்தோரே உண்மைக் குற்றவாளிகள் என்றும் எடுத்துரைத்தார்.

மூன்றாவது, அவர் இறப்பதற்குப் பத்து நாள் முன்னர் நிகழ்ந்த குண்டுவெடிப்பு. மறுநாள் வழிபாட்டுக் கூட்டத்தில், குண்டு வைத்தவர் மீது எவரும் வெறுப்புக் கொள்ளலாகாது என்றும், காவல்துறையினர் அவரைத் துன்புறுத்தலாகாது என்றும் காந்தியடிகள் கேட்டுக்கொண்டார். கொலைச் சதியைச் சார்ந்த ஒருவரைப் பற்றி அவர் இறுதியாகக் கூறிய கருத்து இதுவே. ஆதலின் தந்தை உயிரோடிருப்பின் எதனைக் கேட்டிருப்பாரோ அதனையே மைந்தர் கேட்டனர் என்று கொள்வதற்குப் போதிய அடிப்படை உண்டு.

செங்கோலின் மறுமொழி

மைந்தரின் விண்ணப்பத்திற்குப் பிரதமர் சவகர்லால் நேருவும் துணைப் பிரதமர் வல்லபபாய் படேலும் இசையவில்லை. தலைமை ஆளுநராக இருந்த சி. இராசகோபாலாச்சாரியார் கருணை மனுக்களை ஏற்க மறுத்தார். சேலத்தில் வழக்கறிஞராக வாழ்வைத் தொடங்கிய இராசாசி, காந்தியடிகளுக்கு நெடுநாளைய நண்பர் மட்டுமல்லர், சம்பந்தியும் ஆவார். அவருடைய மகள் இலட்சுமியைக் காந்தியடிகளின் இளைய மைந்தர் தேவதாசு 1933இல் மணந்திருந்தார். எனவே கருணை மனுவின் மீது கையொப்பமிடும் இடத்தில் இருந்தவரே கொலையுண்டவரின் குடும்பத்திற்கு உறவினர்.

பெரியபுராணம் கூறும் மனுநீதிச் சோழன் வரலாற்றோடு இந்நிலையை ஒப்பிடலாம். அங்கே அரசன் குற்றவாளிக்குத் தந்தை. இங்கே நாட்டின் தலைமைப் பொறுப்பிலிருந்தவர் பாதிக்கப்பட்டவருக்கு உறவினர். அங்கே உறவு தண்டனையைத் தடுக்கலாகாது என்பது அறம். இங்கே உறவு தண்டனையைத் தூண்டவோ தடுக்கவோ ஆகாது என்பது முறை. அமைச்சரவையின் அறிவுரைவழி நடக்கும் தலைமை ஆளுநர் தம் சொந்த விருப்பத்தின்படி முடிவெடுக்கும் நிலையிலும் இல்லை.

திருக்குறளின் அமைப்பு முறை இம்முரணை விளக்கத் துணைபுரிகிறது. பொறுத்தலைப் போற்றும் ‘பொறையுடைமை’ அறத்துப்பாலின் இல்லறவியலில் வைக்கப்பட்டுள்ளது. கொடியோரை ஒறுத்தலைக் களை பறித்தலோடு ஒப்பிடும் குறளோ பொருட்பாலின் அரசியலில், ‘செங்கோன்மை’ அதிகாரத்தின் இறுதியில் நிற்கிறது. இக்குறளுக்குப் பரிமேலழகர், கொடியவர்களை அரசன் கொலையால் ஒறுத்தல் என்று பொருள் கொள்வார். கொலைத்தொழிலிற் கொடியோரை ஒறுத்தல் என்று கொள்வோரும் உளர். பின்னதை ஏற்பின் ஒறுத்தலின் வகை வரையறுக்கப்படவில்லை என்பது அறியத்தக்கது. எவ்வாறாயினும், பொறுத்தல் இல்லத்தின் அறமாகவும் ஒறுத்தல் செங்கோலின் கடனாகவும் பிரித்து வைக்கப்பட்டமை தெளிவு. திருக்குறள் அதிகாரங்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தளித்த இராசாசி இப்பகுப்பை நன்கறிந்தவர். மைந்தர் இல்லத்தின் அறத்தைப் பேசினர். அரசு செங்கோலின் கடனைப் பேசிற்று.

இவ்வழக்கு நடந்த அதே காலத்தில் அரசியல் நிர்ணய சபையிலும் மரண தண்டனை குறித்த கருத்து எழுந்தது. 1949 சூன் 3ஆம் நாள், குற்றவியல் மேல்முறையீடு பற்றிய விவாதத்தில் அண்ணல் அம்பேத்கர், அகிம்சையை அறநெறியாக ஏற்ற இந்நாடு மரண தண்டனையை அறவே ஒழிப்பதே தகும் என்னும் கருத்தை வெளியிட்டார். ஆயினும் மரண தண்டனை நீடித்தது. கருணை காட்டும் அதிகாரம் அரசியலமைப்பின் 72ஆம் உறுப்பில் குடியரசுத் தலைவருக்கும், 161ஆம் உறுப்பில் ஆளுநருக்கும் வழங்கப்பட்டது. அதில் குடும்பத்தாரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற விதி இடம்பெறவில்லை.

பிற்காலத் தொடர்ச்சி

மைந்தரின் விண்ணப்பம் எழுப்பிய வினா 1949ஓடு முடிந்துவிடவில்லை. 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில் அவ்வினா மீண்டும் எழுந்தது. 1998 சனவரி 28ஆம் நாள் தனி நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 மே 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை நால்வருக்கு மட்டும் உறுதி செய்தது. அந்நால்வருள் பெண் ஒருவருக்குக் கருணை காட்டலாம் என இராசீவின் துணைவியார் சோனியா காந்தி தெரிவித்தார். 2000ஆம் ஆண்டு அத்தண்டனை வாழ்நாள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. ஏனைய மூவரின் தண்டனையை, கருணை மனு மீதான நீண்ட காலத்தாழ்வைக் காட்டி, 2014 பிப்ரவரி 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் குறைத்தது. 2022 மே, நவம்பர் மாதங்களில் சிறையில் இருந்த எழுவரும் விடுதலை பெற்றனர்.

தமிழகத்தில் இவர்தம் விடுதலைக்காகக் கட்சிகள் பலவும் நெடுங்காலம் குரலெழுப்பின. அதே வேளையில், அக்குண்டுவெடிப்பில் இராசீவுடன் உயிரிழந்த பிறரின் குடும்பத்தார் விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2022 நவம்பரில் சோனியா காந்தியின் கருத்திலிருந்து தாம் வேறுபடுவதாகக் காங்கிரசுக் கட்சியே அறிவித்தது. ஒரே குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுள் ஒன்று இரக்கம் காட்டியது; மற்றவை எதிர்த்தன. புகழ்பெற்ற குடும்பத்தின் குரல் நாடெங்கும் கேட்டது. காவற்பணியில் உயிர்நீத்தோர் குடும்பத்தாரின் குரல் அந்த அளவு கேட்கவில்லை. குடும்பத்தாரின் விருப்பத்தையே தண்டனைக்கு அளவாகக் கொண்டால் எக்குடும்பத்தின் விருப்பத்தைக் கொள்வது என்னும் இடர்ப்பாடு இங்கே புலனாகிறது. 1949இல் அரசு கொண்ட நிலைப்பாட்டிற்கு இது ஒரு வகையில் வலுச்சேர்க்கிறது.

சட்டமும் இடைக்காலத்தில் மாறியது. 1973ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டம் மரண தண்டனைக்குச் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்றது. 1980இல் பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்குகளிலேயே அது விதிக்கத்தக்கது என வரையறுக்கப்பட்டது. 1983இல் மச்சி சிங் வழக்கில், சமுதாயத்தின் கூட்டு மனச்சான்று அதிர்ச்சியுறும் அளவு ஓர் அளவுகோலாக ஏற்கப்பட்டது. இதனால் மக்களின் குரல் தீர்ப்பினுள் நேரடியாக நுழைந்தது. குடும்பத்தாரின் குரலுக்கு அத்தகைய இடம் மெதுவாகவே கிடைத்தது. 2009 திசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவர் என்னும் சொல்லுக்கு வரையறை தந்து மேல்முறையீட்டு உரிமையும் அளித்தது. 2018இல் மல்லிகார்சுன் கோடகாலி வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டனை விதிக்கும் முன் பாதிக்கப்பட்டோரின் கூற்றுக்கு இடமளிப்பதன் தேவையை வலியுறுத்தியது.

இக்கூற்று பெரும்பாலும் இழப்பின் அளவை எடுத்துரைப்பதற்கும், கடுந்தண்டனை கோருவதற்கும் உரிய வாயிலாகவே கருதப்படுகிறது. தண்டனையைக் குறைக்குமாறு குடும்பத்தார் வேண்டின் அதற்கு என்ன மதிப்பு என்னும் வினாவிற்கு இன்னும் தெளிவான விடை இல்லை. மணிலாலும் இராமதாசும் நின்ற இடம் அதுவே.

நினைவும் மறதியும்

இவ்வழக்கின் குரல்கள் பிற்காலத்தில் எய்திய நிலையும் ஆராயத்தக்கது. அரசு தடைசெய்த கொலையாளியின் வாக்குமூலம் காலப்போக்கில் நூலாகி, பல மொழிகளில் பல பதிப்புகள் கண்டது. 1964இல் விடுதலையான கோபால் கோட்சே எழுதிய நூலுக்கு விதிக்கப்பட்ட தடையையும் பம்பாய் உயர் நீதிமன்றம் 1969இல் நீக்கியது. அவ்வாண்டிலேயே, கொலைச் சதியைப் பற்றி முன்னரே அறிந்திருந்தோர் குறித்து ஆராய்ந்த கபூர் ஆணையமும் தன் அறிக்கையை அளித்தது. சதியைப் பற்றியும் சதிகாரரைப் பற்றியும் பக்கங்கள் பெருகின. மைந்தரின் விண்ணப்பமோ பெரும்பாலான வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகிறது.

இம்மறதி ஒரு தவறான புரிதலுக்கு இடமளித்துள்ளது. கோட்சேயைப் போற்றுவோர் சிலர், காந்தியின் மைந்தரே அவருக்காகப் பரிந்து பேசினர் என்று அவ்வேண்டுகோளைக் கொலைக்குச் சார்பான சான்றாகக் காட்டுகின்றனர். மறுபுறம், காந்தியடிகள்பால் பற்றுடையோருள் சிலர் அவ்விண்ணப்பத்தைக் குறிப்பிடவே தயங்குகின்றனர். இரு சாராரும் செய்வது ஒரே பிழை. கொலையாளியின் உயிரைக் காக்க முயல்வது வேறு. கொலையை ஏற்பது வேறு. இராமதாசின் கடிதம் இவ்வேறுபாட்டை ஐயத்திற்கிடமின்றி நிறுவுகிறது.

முடிவுரை

காந்தியடிகள் கொலை வழக்கில் அரசு கொண்ட முடிவு அன்றைய சட்டத்திற்கு இயைந்தது. கொலை பொதுமக்களுக்கு எதிரான குற்றம் என்னும் கோட்பாடே புனேயிலும் பம்பாயிலும் எழுந்த கூட்டத்தின் பழிவாங்கலிலிருந்து நீதியைக் காப்பது. சிம்லாவில் பெருகிய கண்ணீரிலிருந்து தீர்ப்பைக் காப்பதும் அதுவே. ஆயினும் அக்கோட்பாடு உறுதியாக நின்றபோது, கொலையுண்டவர் தம் வாழ்நாள் முழுவதும் மறுத்து வந்த ஒரு தண்டனை அவர் பொருட்டே நிறைவேற்றப்பட்டது. இம்முரணை அன்றே சுட்டியோர் அவர்தம் மைந்தர்.

குடும்பத்தாரின் குரல் தீர்ப்பை முடிவு செய்யவேண்டும் என்பதில்லை. அது தீர்ப்புக்கு முன் கேட்கப்பட வேண்டும், தீர்ப்புக்குப் பின் திரிக்கப்படாமல் நினைக்கப்பட வேண்டும் என்பதே இவ்வழக்கின் வரலாறு உணர்த்துவது. கொலையாளியின் வாக்குமூலத்தைப் படிக்கும் தலைமுறைக்கு மைந்தரின் விண்ணப்பத்தையும் அறியத் தருதல் வரலாற்று ஆய்வாளரின் கடமையாகும்.